பிரமோஷன் வேண்டாம் சார்!

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். அப்பா அம்மா அவருக்கு நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அது ரேஷன் கார்டோடு சரி. தெருவுக்கு அவர் ‘ரைட் அவுட் அண்ணன்’. கால்பந்து மைதானத்தில் வலது ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுகிற ஆள். ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த அலுவலகத்துக்கென்று ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. அந்த டீமில் ஆடுவதற்காகத்தான் அவருக்கு அந்த வேலையே கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை. மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

“கங்கிராஜுலேஷன்ஸ்! பிரமோஷன் ஆர்டர் வந்திருக்கு. ஸ்வீட் எங்கேய்யா?”

“எந்த ஊர் சார்?”

“மதுரை.”

“அப்ப பிரமோஷன் வேண்டாம் சார்!”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிரில் நிற்பது அதே ஆள்தான்.

“வேண்டாம்னா எழுதித் தரணும்யா. ஒரு வருஷத்துக்கு அடுத்த சான்ஸ் கிடையாது. உனக்குப் பின்னாடி வந்தவனெல்லாம் முன்னாடி போயிடுவான். தெரியுமில்ல?”

“தெரியும் சார். லீக்ல இன்னும் மூணு மேட்ச் பாக்கி இருக்கு.”

சாயங்காலம் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. அண்ணி பொரிந்து தள்ளிவிட்டார். “ஊர்ல அவனவன் பிரமோஷனுக்குக் கோயில் கோயிலா சுத்தறான். இவரு வீடு தேடி வந்ததை வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறாரு!”

அண்ணன் கேன்வாஸ் ஷூவின் லேஸை அவிழ்த்தபடியே சாவகாசமாகப் பதில் சொன்னார்: “பிரமோஷனுக்காகத்தாம்மா பிரமோஷனை வேணாம்னேன்!”

அவருடைய டீம் அப்போது முதல் டிவிஷனில் இருந்தது. மூன்று மேட்ச்சையும் ஜெயித்தால் சீனியர் டிவிஷனுக்குப் போகலாம். அந்த பிரமோஷனுக்காக இந்த பிரமோஷன் போயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஏணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூக்கே ஸ்டாப்பிங் சொல்லும்!

ராயபுரத்தில் பஸ் ஏறி எண்ணூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயரைக் கத்தவே வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். மீன் வாசனை என்றால் காசிமேடு. ரப்பர் வாசனை என்றால் திருவொற்றியூர். மேற்கே இருந்து காற்றடித்து மூக்கைப் பொத்திக்கொண்டால், அது மணலி.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் ராயபுரத்தில்தான் இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னால் எம்.ஆர்.எஃப். என்கிற டயர் ராஜ்ஜியம் ஆயிற்று. 1955-ல் அதே திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டு. தெற்கே துறைமுகம். மூன்று ஷிப்டு, சங்கு, லாரி, கிரேன்... இதற்கு நடுவில் எங்கே கொஞ்சம் காலி இடம் கிடைத்தாலும் இரண்டு செங்கல்லை வைத்து கோல் போஸ்ட் ஆக்கிவிடுவார்கள் பையன்கள்.

விளையாட்டு என்றால் வடசென்னைக்குப் பசி அதிகம். பாக்ஸிங் உண்டு. கேரம் உண்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிக்கொண்டு வந்த காசிமா, ஓர் ஆட்டோ டிரைவரின் மகள்; வடசென்னைப் பெண். ஆனால் கேரமும் பாக்ஸிங்கும் தனி ஆள் சமாசாரம். ஃபுட்பாலுக்குப் பதினோரு பேர் வேண்டும், எதிரில் இன்னொரு பதினோரு பேர் வேண்டும், வாராவாரம் மேட்ச் வேண்டும். அதாவது, லீக் வேண்டும்.

முதல் என்றால் இரண்டாவது!

சென்னை கால்பந்து லீகில் புதிதாக நுழைகிறவரை முதலில் குழப்புவது பெயர்தான். முதல் டிவிஷன் என்றால் முதலாவது என்று நினைப்பீர்கள். இல்லை! உச்சியில் இருப்பது சீனியர் டிவிஷன். அதற்குக் கீழே இருப்பதுதான் முதல் டிவிஷன். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று படிகள் இறங்கிக்கொண்டே போகும்.

விதி ரொம்ப எளிது. ஒவ்வொரு படியிலும் எல்லா டீமும் மற்ற எல்லா டீமோடும் ஆட வேண்டும். வருஷக் கடைசியில் பட்டியலின் தலையில் இருப்பவர்கள் ஒரு படி ஏறுவார்கள். வாலில் இருப்பவர்கள் ஒரு படி இறங்குவார்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி ஆடுவோமே பரமபதம்... அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே தாயக்கட்டைக்குப் பதில் கால்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரணப் போட்டியில் தோற்றுப் போன டீமுக்கு அதோடு கதை முடிந்தது. லீகில் அப்படி இல்லை. கோப்பை கிடைக்காது என்று தெரிந்த பிறகும் ஆடித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு வாயில் விழ வேண்டியதுதான். எனவே பட்டியலின் வால் பக்கத்தில் நடக்கிற மேட்ச், தலைப் பக்கத்து மேட்ச்சைவிடப் பல சமயம் சூடாக இருக்கும்.

கடைசி நாளில் பார்க்க வேண்டுமே! கணக்குப் பரீட்சையில் 35 மார்க் வாங்கத் திண்டாடிய பையன்கள் அன்றைக்கு ராமானுஜன் ஆகிவிடுவார்கள். “நாம ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சு, அவனுங்க டிரா பண்ணிட்டா, பாயிண்ட் சமம். அப்ப போட்ட கோலையும் வாங்கின கோலையும் கழிச்சுப் பாப்பாங்க. நமக்கு ப்ளஸ் நாலு, அவனுக்கு ப்ளஸ் மூணு. நாமதான்டா மேல!” இதைப் பேப்பர் பேனா இல்லாமல் சொல்லுவான், ஏழாம் கிளாஸில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன்.

இந்த ஏணி என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள். 2009-ல் மூன்றாவது படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏறியது. 2014-ல் உச்சிக்கு வந்தது. 2016-ல் பிரீமியர் லீக் சாம்பியன்! உலகமே வாயைப் பிளந்தது. அத்தோடு நிற்கவில்லை. 2023-ல் பாம்பு கடித்தது. 2024-ல் மறுபடி ஏணி. 2025-ல் மறுபடி பாம்பு. சாம்பியன் என்பதற்காக யாரும் இரக்கப்படவில்லை. இன்னொரு பக்கம், லண்டனில் தங்கள் கிளப் கைவிட்டுப் போவதைப் பார்த்த ரசிகர்கள் 2002-ல் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது படியில் தொடங்கி ஒன்பதே வருஷத்தில், 2011-ல், நான்காவது படிக்கு வந்துவிட்டார்கள். யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை. ஜெயித்தார்கள், ஏறினார்கள். அவ்வளவுதான்.

கூலி கேட்டதால் உடைந்த ஆட்டம்

சரி, ஆடுகிறவனுக்குச் சோறு?

முழு நேரமும் ஆட்டமே தொழில் என்றால் ‘புரொஃபஷனல்’. காசே இல்லாமல் ஆடினால் ‘அமெச்சூர்’. பகலில் வேலை, சாயங்காலம் பிராக்டிஸ், மேட்ச்சுக்குக் கொஞ்சம் பணம் என்றால் ‘செமி புரொஃபஷனல்’. இந்த நடுவாந்தர ஜாதிதான் உலகம் முழுக்க லீகுகளின் கீழ்ப் படிகளைத் தாங்குகிறது. இந்த நடுவாந்தரத்துக்காக ஓர் ஆட்டமே இரண்டாக உடைந்திருக்கிறது தெரியுமா?

முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, ரக்பி. அதுதான். இங்கிலாந்தின் வடக்குப் பகுதி, நம்ம வடசென்னை மாதிரி. மில், சுரங்கம், சங்கு, ஷிப்டு. அங்கே ரக்பி ஆடியவர்கள் தொழிலாளிகள். சனிக்கிழமை மேட்ச்சுக்குப் போனால் அந்த நேரத்துக்குக் கூலி வெட்டு. “சம்பளம் கேக்கல. இழந்த நேரத்துக்கு உண்டான கூலியை மட்டும் கிளப் கொடுக்கட்டும்” என்றார்கள். லண்டன் பக்கத்துக் கனவான்கள், “காசு வாங்கினால் ஆட்டத்தின் புனிதம் போய்விடும்” என்று மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன, சனிக்கிழமை வேலைக்குப் போகாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், ஒரு ஹோட்டலில் கூடி, வடக்குக் கிளப்புகள் தனிக் குடித்தனம் போய்விட்டன. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் பிறந்த கதை இதுதான். பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன்காரர்கள் ‘காசு கூடாது’ என்று சரியாக நூறு வருஷம் பிடிவாதமாக நின்றார்கள். 1995-ல்தான் இறங்கி வந்தார்கள். இங்கிலாந்தின் யூனியன் கிளப்புகளுக்குத் தேச அளவில் படிப்படியான லீகும், ஏறுதல் இறங்குதலும் வந்ததே 1987-ல்தான். இன்றைக்கு அங்கே கீழ்ப் படிகளில் பகலில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன். சாயங்காலம் ரக்பி வீரர் என்பது சகஜம்.

ஆக, லீக் என்றால் பாயிண்ட் பட்டியல் மட்டும் இல்லை. ஷிப்டை விட்டுவிட்டு வருகிறவனுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

நாற்காலியோடு ஒரு ஃபார்வர்டு

நம் ஊர் இந்தக் கேள்விக்கு ஒரு அருமையான பதில் கண்டுபிடித்தது. ‘இழந்த நேரத்துக்குக் கூலியா? வேலையையே கொடுத்துவிடுகிறோம், வா!’

துறைமுகம், கஸ்டம்ஸ், தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி, ஏ.ஜி.ஸ் ஆபீஸ் என்று சென்னை கால்பந்தில் பெரிய பெயர்கள் எல்லாம் ஆபீஸ் பெயர்கள்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பையனை எடுப்பார்கள். காலையில் வந்து கையெழுத்து. மத்தியானத்துக்கு மேல் பிராக்டிஸ். ஃபைல் எங்கே என்று கேட்டால், ‘அவர் கிரவுண்டுல இருக்கார்’ என்று பக்கத்து சீட்காரர் சொல்லுவார். பக்கத்து சீட்காரர்தான் பாவம், இரண்டு பேர் ஃபைலையும் பார்த்தார்.

பெண் பார்க்கப் போகும்போதுதான் இதன் மகிமை தெரியும். “மாப்பிள்ளை என்ன பண்றார்?” “ஃபுட்பால் ஆடறார்.” பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். “போர்ட் டிரஸ்ட் டீம்ல!” டம்ளர் மறுபடி கைக்கு வரும், கூடவே கேசரியும் வரும்.

சிரிப்பு இருக்கட்டும். இந்த ஏற்பாட்டில் வெளிநாட்டு லீகுகளிலும் இல்லாத ஒரு நல்ல விஷயம் இருந்தது. அங்கே ஒரு கிளப் ஒரு படி இறங்கினால் பட்ஜெட் சுருங்கும். ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே டீம் இறங்கினாலும் யாருக்கும் வேலை போகாது. முட்டி தேய்ந்து போனாலும் நாற்காலி இருக்கும். அப்புறம் பென்ஷன். ஏணியிலிருந்து விழுந்தாலும் கீழே வைக்கோல் மெத்தை!

ஆனால் அந்த மெத்தைக்கு வந்து சேர்வதற்குத்தான் ஏணி வேண்டும். கீழ்ப் படியில் ஒரு பேட்டை டீம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற பையன், லாரி ஷெட்டில் கிளீனர், பாலிடெக்னிக் மாணவன் எல்லாம் சேர்ந்த டீம். பந்து, ஜெர்ஸி, பஸ் செலவு எல்லாம் பேட்டைப் பெரியவர் ஒருவர் கைக்காசு. இந்த டீம் ஜெயித்து ஒரு படி ஏறுகிறது. அடுத்த வருஷம் எதிரில் ஆடுவது இன்னும் கொஞ்சம் பெரிய டீம். பார்க்க வருகிற கண்கள் இன்னும் கொஞ்சம் அதிகம். அதில் ஒரு கண், ஏதோ ஓர் ஆபீஸ் டீம் கோச்சின் கண். “யாருப்பா அந்த லெஃப்ட் பேக்?” இந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை பாடும். டீம் ஏறினால் பையன் ஏறுவான். பையன் ஏறினால் குடும்பம் ஏறும். மூன்று ஏணியும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாத்தி வைத்திருந்தது.

நடுவில் காணாமல் போன படி

இப்போது அந்த ஏணிகள் எப்படி இருக்கின்றன?

மேலே இருந்து பார்ப்போம். 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் நம்ம இந்தியன் வங்கியும் ஆடியது. அதற்குப் பின் வந்தது ஐ-லீக். 2016-17 சீசனுக்கு சென்னை சிட்டி என்ற கிளப்புக்கு அதில் நேரடியாக இடம் கொடுத்தார்கள். கோவையைக் களமாக்கிக்கொண்ட அந்த டீம், 2018-19 சீசனில் ஐ-லீக் சாம்பியன் ஆகியே விட்டது! அப்புறம்? ஒன்றுமில்லை. 2014-ல் ஆரம்பித்த ஐ.எஸ்.எல். அதற்குள் பெரிய வீடாகிவிட்டது. அந்த வீட்டுக்குக் கீழேயிருந்து படியே கட்டவில்லை. பரமபதத்தில் நூறாவது கட்டத்துக்கு வந்தவனிடம், ‘வைகுண்டத்துக்கு டிக்கெட் தனி சார்’ என்று சொன்ன மாதிரி. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்று கதவு திறந்து, முதலில் நுழைந்தது பஞ்சாப் எஃப்.சி. வருஷம் 2023. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீகிலேயே இல்லை.

கிளப்புக்குத்தான் இந்தக் கதி. தனி ஆள் தாவிவிடலாம். வியாசர்பாடி பக்கத்துப் பையன் நந்தகுமார் சேகர், சென்னை சிட்டியில் ஆடி, அங்கிருந்து டெல்லி, ஒடிசா என்று போய், ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோலில் கொல்கத்தாவின் பாதி ஊர் தெருவில் இறங்கி ஆடியது. பெருமைதான். ஆனால் நந்தகுமார் தாவினார். அவர் பேட்டை தாவ முடியாது. தாவுவதற்கு ஆயிரத்தில் ஒருவனால்தான் முடியும். மற்ற 999 பேருக்குப் படிதான் வேண்டும்.

ரக்பியிலும் இதே கதை. 2025-ல் ரக்பி பிரீமியர் லீக் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஆறு டீம். முதல் வருஷமே சாம்பியன், சென்னை புல்ஸ்! கைதட்டலாம். ஆனால் மேட்ச் எல்லாம் நடந்தது மும்பையில். ராயபுரத்தில் பத்துப் பையன்கள் சேர்ந்து நாளைக்கே ஒரு ரக்பி டீம் ஆரம்பித்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் ஜெயித்தாலும், அந்த ஆறு ஏழாகாது.

முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கோடி கோடியாகப் போட்டவர், ‘ஒரு வருஷம் காலை வாரிவிட்டால் கீழே போய்விடுவேனா? அப்புறம் யார் விளம்பரம் தருவார்கள்?’ என்று பயப்படுகிறார். பயம் நிஜம்தான். ஆனால் அந்தப் பயம் இருப்பதால்தானே ஆட்டம் ஆட்டமாக இருக்கிறது! பாம்பே இல்லாத பரமபதத்தை யார் விடிய விடிய ஆடுவார்கள்?

அடி ஏணிக்கு வருவோம். துறைமுகம் 2021 சட்டத்துக்குப் பிறகு போர்ட் டிரஸ்ட் இல்லை, போர்ட் அதாரிட்டி. பெயர் மாறியது மட்டுமில்லை. கையால் தூக்கிய வேலையைக் கிரேனும் கன்டெய்னரும் எடுத்துக்கொண்டன. ஆள் குறைந்தால் ஆட்டக்காரர் நாற்காலியும் குறையும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நல்ல காரியம். ஆனால் அது தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவர்களுக்கு. மூன்றாவது டிவிஷன் லெஃப்ட் பேக்குக்கு இல்லை. அவன் சாதிப்பதற்கு முன்னால் சாப்பிட வேண்டும். பழைய ஏற்பாடு அவனுக்கு முதலில் சோறு போட்டுவிட்டு அப்புறம்தான் ‘சாதி’ என்றது.

பெரிய ஸ்டேடியம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது சின்னக் காரியம்தான். கீழ் டிவிஷன் லீக் வருஷம் தவறாமல் நடக்க வேண்டும். ஜெயித்தவன் ஏற வேண்டும், தோற்றவன் இறங்க வேண்டும். இந்தக் கடற்கரையில் லாபம் பார்க்கிற தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் ஆளுக்கு நாலு நாற்காலியை ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும். கோடி வேண்டாம், நாற்காலி போதும்!

அண்ணன் என்ன ஆனார்?

மூன்று மேட்ச்சையும் ஜெயித்தார்கள். கடைசி மேட்ச்சில் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வலது ஓரத்திலிருந்து அண்ணன் தூக்கிப் போட்ட பந்தில்தான் தலை வைத்து கோல். டீம் சீனியர் டிவிஷனுக்குப் போயிற்று. தெருவில் சரவெடி. அண்ணி அன்றைக்கு மட்டும் கோபத்தை ஒத்திவைத்துப் பாயசம் வைத்தார்.

ஆபீஸில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் ஒருவர் மதுரைக்குப் போய், ஆபீஸராகத் திரும்பி வந்து, அண்ணனுக்கே லீவ் சாங்ஷன் செய்தார். டீம் சில வருஷம் மேலேயே தாக்குப் பிடித்தது. அப்புறம் புதிதாக ஆள் எடுப்பது நின்றது. இருந்தவர்களுக்கு வயசாயிற்று. பதினோரு பேருக்கு ஒன்பது பேர் தேறிய ஒரு சீசனோடு, அந்த டீம் இல்லாமல் போயிற்று.

ரிட்டயர் ஆன அண்ணன் இப்போது காலையில் பேட்டைப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித் தருகிறார். போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். பத்து வயசுப் பொடியன் ஒருத்தன் அவரிடம் கேட்டான்:

“அண்ணா, நாம ஜெயிச்சுக்கினே இருந்தா எங்க போவோம்?”

எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. அண்ணனும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “மொதல்ல ஜெயிடா. மீதிய நான் விசாரிச்சு வைக்கிறேன்” என்று விசில் ஊதிவிட்டார்.

வீட்டுக்கு அழைத்துப் போனார். ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்த டீம் போட்டோ, கண்ணாடி போட்டு, சந்தனம் வைத்து. “பிரமோஷன் வாங்கியிருந்தா இன்னிக்குப் பென்ஷன் கூட வந்திருக்கும். ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி கணக்குப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் அண்ணி காபியை நீட்டியபடி.

“அப்ப அந்தப் போட்டோவை மட்டும் ஏன் அண்ணி சாமிகிட்ட மாட்டியிருக்கீங்க?” என்றேன்.

“பின்னே? ஊர்ல எத்தனை பேர் வீட்டுக்காரர் சீனியர் டிவிஷன்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.